ஆகஸ்டு பத்தாம் தேதி வராத துரைசாமி

சேசு மரி சூசை துணை

ஆம்பூர், 14-8-1934

ரங்கூன் மர மில்லில் வேலை பார்க்கும் மூத்த மகன் சின்னப்பனுக்கு, அம்மா ஆரோக்கியமேரி சொல்லச் சொல்ல உன் தம்பி சவரிமுத்து எழுதுவது. சகல ஜனங்களும் எழுந்து நின்று கேட்க வேண்டிய செய்தி என்னவென்றால், நம் வீட்டுக் கறுப்புக் கோழியானது அப்பாவின் சரிகைத் தலைப்பாகைக்குள் எழுந்தருளி, இன்று காலை எட்டு மணிக்குத் தன் மூன்றாவது முட்டையைச் சுகமாகப் பெற்றெடுத்தது. தாயும் முட்டைகளும் நலம். நாங்களும் அவ்விதமே நலம், நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்று அம்மா தினம் செபமாலை சொல்கிறாள். "இன்னாடா கோழிக் கதை, நெலத்து விசயத்த எழுதுடா" என்று இப்போது என் முதுகில் ஒன்று வைத்தாள், அதனால் எழுதுகிறேன்.

அப்பாவின் தோல் ஷாப்புக்குப் பதனிடும் ஆவாரம்பட்டை வண்டி ஓட்டி வரும் துரைசாமியை உனக்குத் தெரியும். நீ திரும்பி வந்தால் வீடு கட்ட இருக்கட்டும் என்று அவருடைய கிணற்று மேட்டு நிலத்துக்கு அப்பா சித்திரையில் அச்சாரம் கொடுத்ததை முன்பே எழுதினோம். ஆகஸ்டு பத்தாம் தேதி ரிஜிஸ்டர் ஆபீசுக்கு வந்து கிரயம் எழுதித் தருவதாக ஒப்பந்தம். அன்று அப்பா கல்யாணக் கோட்டும் தலைப்பாகையுமாகக் காலை முதல் சாயங்காலம் வரை ஆபீஸ் வாசலில் காய்ந்தார், துரைசாமி வரவே இல்லை. வீட்டுக்கு வந்து தலைப்பாகையைக் கூடைமேல் வீசிவிட்டு, "பத்து வருசமா தோஸ்து மாதிரி பழகிட்டு மோசம் பண்ட்டான், அவன உள்ள தள்ளாம சோறு திங்க மாட்டேன்" என்றார். அரை மணி கழித்துச் சாப்பிட்டார்.

நேற்று வேலூர் லாங் பஜார் பக்கம் ஒரு வக்கீலைப் பார்த்தோம். என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்பதால் நானும் போனேன். வக்கீல், "பேச்சு தப்பினதெல்லாம் மோசடி ஆவாதுப்பா. பிற்பாடு மனசு மாறினான்னா அது சிவில், முன்சீப் கோர்ட்டுல போட்டு நெலத்த எழுதி வாங்கலாம். அச்சாரம் வாங்குன அன்னிக்கே குடுக்கக் கூடாதுன்னு மனசுல கள்ளம் வெச்சிருந்தா அதான் கிரிமினல்" என்று சொல்ல, அப்பா விழித்தார். நான் விழிக்கவில்லை. "வரவும் இல்ல, ஒரு வார்த்த சொல்லியனுப்பவும் இல்ல, அப்ப மொதல்லருந்தே கள்ளம்தானுங்களே" என்று எடுத்து விட்டேன். வக்கீல் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்து, "பையன் பாயிண்டு புடிக்கிறானே! நெஜமாவே சொல்லியனுப்பலன்னா மனு குடுத்துப் பாக்கலாம். பொய்யின்னா நம்ம தலைக்கே வரும்" என்றார். நானூற்றிருபது மனுவை எழுதியது முழுக்க என் கைதான் அண்ணே, நம் வீட்டிலும் ஒரு குட்டி வக்கீல் பிறந்துவிட்டான் என்று ரங்கூன் முழுக்கச் சொல்லிக்கொள்.

நாளை மாதா திருநாள், அன்றைக்குப் போலீஸ் படி மிதிக்க மாட்டேன் என்று அப்பா சொல்லிவிட்டார், ஆகவே வியாழக்கிழமை ஸ்டேஷனில் மனுவைக் கொடுப்பார். துரைசாமியின் பெண்சாதி எல்லம்மா நிறைமாதம், "வாசல்ல போலீசு போய் நின்னா அந்தப் பொண்ணு பயந்துக்காதா" என்று அம்மாவுக்கு நேற்றிலிருந்து தூக்கம் இல்லை. நீ தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்க வேண்டுமாம், ஞாயிறு பூசையை விடக்கூடாதாம், அப்பாவுக்குத் தனியாக இரண்டு வரி எழுத மறக்கக்கூடாதாம். மாதா உன் தலைமேல் கை வைத்துக் காப்பாளாக.

இப்படிக்கு,
உன் அம்மா ஆரோக்கியமேரி (பெருவிரல் ரேகை)

அண்ணே, அம்மா விரலில் பட்ட மையைக் கழுவப் போயிருக்கிறாள். துரைசாமி சொல்லியனுப்பினார். ஒன்பதாம் தேதியே கார்டு வந்தது, தபால்காரர் என் கையில்தான் கொடுத்தார். அதில் அவர், "இங்கிலீஷ் தேதி போட்டதில் கவனிக்கவில்லை, அது ஆடி மாசம், ஆடியில் எங்கள் வீட்டில் பத்திரம் எழுதுவதில்லை, ஆவணி முதல் தேதி வெள்ளிக்கிழமை கட்டாயம் வருகிறேன், கோபிக்க வேண்டாம்" என்று எழுதியிருந்தார். அப்பா கோட்டோடு ஒரு மணி நேரம் வேர்க்கட்டும், அப்புறம் கொண்டுபோய்க் காட்டிச் சிரிக்கலாம் என்று மறைத்தேன். ஆபீஸ் வாசலுக்குப் போனபோது அவர் முகத்தைப் பார்த்தேன், கார்டை எடுக்கக் கை வரவில்லை. வக்கீல் சொன்னபடி பார்த்தால், வாங்கின அன்றே மனதில் கள்ளம் வைத்தவன் இந்த ஊரில் ஒருத்தன்தான், அவன் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். கார்டு, அன்றிரவு நான் ஒளித்து வைத்த தலைப்பாகை மடிப்பில், அந்த மூன்று முட்டைகளுக்கு அடியில் இருக்கிறது. அப்பா ஷாப்பிலிருந்து வரும் நேரம். கோழி கொத்தினாலும் சரி, எடுத்து அவர் கையில் கொடுத்துவிடுகிறேன்.