அறுபத்தெட்டு

16 ஒக்டோபர் 2013

இன்று சந்தையில் மீனுக்குப் பேரம் பேசும்போது பின்னால் ஒரு குரல்: "அறுபத்தெட்டு வந்து நிக்குது, பாத்துக் குடு."

எனக்கு வயது நாற்பத்தொன்பது. மனநலக் கிளினிக்கில் உத்தியோகம். அங்கே என்னை மிஸ் என்று கூப்பிடுகிறார்கள். எங்கள் ஊர் கீரியில் உள்ள ஆட்களுக்கு மட்டும் நான் அன்ரோனெற் இல்லை.

பத்து வயதில், பள்ளிக்கூடத்துக்கு வந்து எங்கள் புத்தியை அளந்த பரமநாதன் சேர் எனக்குப் போட்ட புள்ளி அந்த அறுபத்தெட்டு. நூறுதான் சாதாரணமாம். வகுப்பு முழுக்கக் கேட்க வாசித்தார். அன்றிலிருந்து வகுப்பில் எனக்குக் கடைசி இருக்கை, பின்வாங்கு. அடுத்த வருடம் அம்மா, படித்தது காணும் என்று கருவாடு காயப்போடும் வாடிக்கு வேலைக்கு அனுப்பிவிட்டா. முப்பது தாண்டித்தான் திரும்பப் பரீட்சை எழுதி இந்தக் கதிரைக்கு வந்தேன்.

ஒரு கேள்வி இன்னும் ஞாபகம். மாட்டிறைச்சி, மீன், முட்டை, பால் — எது சேராது? இறைச்சி என்றேன். அது தபசுகால வெள்ளிக்கிழமை. சுத்தபோசனம். எங்கள் வீட்டில் அன்றைக்கு இறைச்சி மட்டும்தான் ஆகாது. அவருடைய விடை பால், குடிக்கிற சாமான் என்பதால். ஏன் இறைச்சி என்று ஒரு சொல் கேட்டாரா? இல்லை. மற்றக் கேள்விகளும் இப்படித்தான் போயிருக்கும்.

21 ஒக்டோபர்

புதன்கிழமைக்குப் புதிதாக ஒருவர் வருகிறாராம், கூட வேலை செய்யும் றஹீமா சொன்னாள். பரமநாதன். ஓய்வு பெற்ற கல்வி உத்தியோகத்தர். கட்டுக்கரைக் குளத்துப் பக்கம் வயலும் வீடும். ஞாபகமறதி.

அளக்கப் போவது நான். மாதாவே, சந்தோசத்தில் சோறு இறங்கவில்லை.

23 ஒக்டோபர்

மெலிந்துவிட்டார். என்னை அடையாளம் தெரியவில்லை. கொழும்பிலிருந்து வந்த மகன்தான் கதைத்தான். அம்மா இறந்தபின் அப்பா தனிய, அடுப்பை அணைக்க மறக்கிறார், கொழும்பில் முதியோர் இல்லம் பார்த்து வைத்திருக்கிறான். ஞாபகச் சோதனையில் முப்பதுக்கு இருபத்துநாலு வராவிட்டால் கூட்டிக்கொண்டு போய்விடுவானாம். கிழவர் வாசலைப் பார்த்தபடி, "நான் என்ர வீட்டிலதான் சாவன்" என்றார்.

என்ன மாதம் என்று கேட்டேன்.

"ஐப்பசி. விதைப்புத் தொடங்கியிட்டுது."

விடைத்தாளில் இருப்பது ஒக்டோபர். இன்னொரு தரம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பூச்சியம் போட்டேன். கூட்டிப் பார்த்தால் இருபத்துமூன்று.

24 ஒக்டோபர்

நன்றாக நித்திரை கொண்டேன்.

28 ஒக்டோபர்

டொக்டரிடம் அறிக்கை கொடுக்க முன் வீட்டைப் போய்ப் பார்க்க வேண்டும், அது முறை. றஹீமா தான் போகிறேன் என்றாள். விடவில்லை. அவருடைய முகத்துக்கு நேரே இலக்கத்தைச் சொல்லவேண்டும் என்றிருந்தது.

மகன் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தான். கிழவரே கேட்டார், எத்தனை என்று. சொன்னேன். எது பிழைத்தது என்றார். மாதம் என்றேன்.

"ஐப்பசி எண்டுதானே சொன்னனான். வயல்காரன் வேற என்னத்தைச் சொல்லுவான்? ஏன் அப்பிடிச் சொன்னனான் எண்டு ஒரு சொல் கேட்டிருக்கலாமே, பிள்ளை."

என் நெஞ்சுக்குள் கிடந்த வசனம்! முப்பத்தொன்பது வருடமாக இந்த மனிசனுக்குச் சொல்ல வைத்திருந்த என்ர வசனம். அதை எனக்கே சொல்லுறார். தனக்கு வந்தால்தான் தெரியும் தலையிடியும் காய்ச்சலும்.

"நீங்கள் என்னட்டக் கேட்டனீங்களா, சேர்?"

எல்லாவற்றையும் சொன்னேன். என் பெயர், இறைச்சி, வெள்ளிக்கிழமை, பின்வாங்கு, சந்தை. அவர் மறுக்கவில்லை. என்னை ஞாபகம் இல்லை என்றார். எத்தனையோ பள்ளிக்கூடம், எத்தனையோ பிள்ளைகள். அழுதிருந்தால் எனக்கு இனித்திருக்கும். அழவும் இல்லை.

29 ஒக்டோபர்

மன்னிக்கவில்லை. அதை இங்கே எழுதி வைக்கிறேன்.

ஆனால் ஐப்பசி சரி. சரியைப் பிழை என்று எழுதினால் நான் யார்? இன்னொரு பரமநாதன். பூச்சியத்தை வெட்டி ஒன்று போட்டு, பக்கத்தில் காரணமும் எழுதிக் கையெழுத்து வைத்தேன். இருபத்துநாலு. வீட்டில் இருக்கலாம், சமையலுக்கு ஆள் வேண்டும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை திரும்ப அளக்கவேண்டும் என்று அறிக்கை போனது.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை என் முன்னால் வந்து இருக்கட்டும். அது போதும் எனக்கு.

22 ஜனவரி 2014

வந்தார். வெள்ளைச் சேட்டு, பரீட்சைக்கு வந்த பிள்ளை போல. மாதம் கேட்டேன். "தை" என்றவர் உடனே பயந்து, "ஜனவரி, ஜனவரி" என்றார். கொஞ்சம் ருசித்தது, பொய் சொல்லமாட்டேன்.

முடிந்ததும் எத்தனை என்று கேட்டார். வாசலில் சமையல்காரியும் வேறு ஆட்களும் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தார்கள்.

"வீட்டை போங்கோ, சேர். இலக்கத்தைச் சொல்லமாட்டன். சொன்னா ஊர் அதையே உங்களுக்குப் பேரா வைச்சிடும்."

அவர் கதிரையை விட்டு எழும்பக் கொஞ்ச நேரம் எடுத்தது. கதவடியில் நின்று திரும்பினார்.

"வாறன், அன்ரோனெற்" என்றார்.