தவளைக்கு வளர்கிற நரம்பு

பெப்ரவரி 10, 2025 – திங்கள்

இன்று கம்பஸில் லைலா மிஸ் தன் ஆராய்ச்சிக்காகத் தவளைகளுக்கு வலது காதின் சமநிலை நரம்பை வெட்டினார். மயக்க மருந்து கொடுத்தது, தட்டில் பிடித்தது எல்லாம் நான்தான். ஆய்வுகூட உதவியாளர் என்றால் அதுதானே வேலை. மயக்கம் தெளிந்ததும் வெட்டிய தவளைகள் எல்லாம் தலையை வலப்பக்கம் சரித்துக்கொண்டு உட்கார்ந்தன. ஒன்றைத் தண்ணீர்த் தொட்டியில் விட்டதும் பம்பரமாகச் சுற்றியது. பார்க்க முடியாமல் ஜன்னல் பக்கம் போய் நின்றேன்.

போன செப்டெம்பரில் என் கணவரை வள்ளத்தில் இருந்து தூக்கி இறக்கியபோதும் தலை இப்படித்தான் சரிந்திருந்தது. தடிமனோடு சங்கு குளிக்க இறங்க வேண்டாம் என்று அன்று காலை சொன்னேன். யுகேந்திரன் என்கிற மனிதர் யார் சொன்னாலும் கேட்டால்தானே. மூக்கடைப்போடு ஆழத்துக்குப் போய், காதுக்குள் ஏதோ வெடித்து, தலை சுற்றி, சத்தியெடுத்துக்கொண்டு வந்து சேர்ந்தார். வலது காதின் நரம்பு முழுக்கப் போய்விட்டது, இடதும் பாதிதான் என்றார் டொக்டர்.

தவளைக்கு அந்த நரம்பு திரும்ப வளரும், பழைய இடத்திலேயே போய்ச் சேரும் என்கிறார் மிஸ். சில மாதம் எடுக்குமாம்.

பெப்ரவரி 11

சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன்?

இவர் சுவரைப் பார்த்தபடி படுத்தே கிடக்கிறார். சாப்பாட்டுக் கோப்பையை வைத்தது வைத்தபடி எடுத்துப் போகிறேன். இன்று ஏதாவது கதைக்க வேண்டுமே என்று தவளைக் கதையைத் தொடங்கினேன். நரம்பு திரும்ப வளரும் என்றதும் திரும்பிப் பார்த்தார்.

"மனிசருக்கு?"

"வளரும்தானே. கொஞ்சம் சுணங்கும்."

எழும்பி இருந்து இரண்டு ரொட்டி சாப்பிட்டார். இன்னும் சம்பல் இருக்கா என்று கேட்டார். சம்பல் எடுக்கக் குசினிக்குள் போய் நின்று அழுதேன். பொய் என்று தெரிந்துதான் சொன்னேன். சாப்பிட்டாரே, அது போதும் என்று இருக்கிறது. போதாது என்றும் இருக்கிறது.

பெப்ரவரி 24

சுவரைப் பிடித்துக்கொண்டு முற்றம் வரை நடக்கிறார். காலையும் மாலையும் தானாகவே. "நரம்பு வளர உடம்பும் அசையோணும், என்ன?" என்று என்னிடம் கேட்கிறார். ஓம் என்றேன். நடப்பது நல்லதுதான், டொக்டரும் சொன்னார். அதனால் இது முழுப் பொய் இல்லை – இப்படி எத்தனை சமாதானம் சொல்லிக்கொள்ளப் போகிறேன்?

மார்ச் 10

தவளைகள் நிமிர்ந்து உட்காருகின்றன. எது வெட்டியது, எது வெட்டாதது என்று பார்வைக்குத் தெரியவில்லை. நான் சந்தோஷத்தில் மிஸ்ஸைக் கூப்பிட்டேன். நோன்போடு களைத்துப்போய் இருந்தவர் எழும்பி வந்து, ஒரு தவளையின் கண்ணைக் கறுப்புத் துணியால் மூடி, அது இருந்த பலகையை மெல்லச் சரித்தார். தலையை நிமிர்த்தத் தெரியாமல் அப்படியே உருண்டு விழுந்தது.

"நரம்பு இன்னும் வரல்ல, சுதர்ஷினி. கண்ணாலயும் காலாலயும் சமாளிக்குது. கண்ணை மூடினாத்தான் விளங்கும்."

வீட்டுக்கு வரும் வழி முழுக்க அந்த வார்த்தை கூடவே வந்தது.

மார்ச் 19

இவர் சைக்கிளில் சந்தி வரை போய் மீன் வாங்கி வந்தார். சந்தோஷப்பட வேண்டிய நான் ஏன் அவ்வளவு நேரம் வாசல் படலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்?

ஏப்ரல் 1

நோன்புப் பெருநாளுக்கு அடுத்த நாள். இறக்கக்கண்டியில் முனீப் நானா வீட்டுக்குச் சாப்பிடப் போனோம். இவர் சங்கு குளிப்பது அவருடைய வள்ளத்தில்தான். நோன்பு முடிந்து, சித்திரை வருஷமும் பிறந்த பிறகுதான் அந்த வள்ளம் தொழிலுக்கு இறங்கும். முஸ்லிம், தமிழ் என்று இரண்டு பக்கத்து ஆட்களும் ஏறுகிற வள்ளம் என்பதால் அது அங்கே எழுதாத சட்டம்.

வட்டிலப்பம் சாப்பிட்டு முடிந்ததும் எல்லாரும் கரைக்குப் போனோம். நோயில் கிடந்து எழும்பிய ஆளைத் திரும்ப ஏற்றுவதற்கு முன் அவர்கள் ஒரு சோதனை வைப்பார்கள். தண்ணீரில் மிதக்கிற வள்ளத்தின் விளிம்பில் ஒற்றைக் காலில் நிற்க வேண்டும், மற்றவர்கள் வள்ளத்தை ஆட்டுவார்கள். இவர் நின்றார். கண்ணைத் தூரத்தில் குத்தி வைத்துக்கொண்டு, ஆடாமல் நின்றார். எல்லாரும் கைதட்டினார்கள்.

"நரம்பு வளந்திட்டுது நானா. சுதா கம்பஸில கண்ணால கண்டவ" என்றார் இவர்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் சிரித்தேன். வாயைத் திறந்து ஒரு சொல் சொல்லாமல், மக்கு மாதிரிச் சிரித்தேன்.

வருஷம் பிறந்த கையோடு கொட்டியாரக் குடாவுக்கு இறங்குவதாம்.

ஏப்ரல் 2

கொட்டியாரக் குடா மகாவலி வந்து விழுகிற இடம். அடியில் ஒரே கலங்கல். கையை நீட்டினால் விரல் தெரியாது, தடவித்தான் சங்கெடுப்போம் என்று இவரே எத்தனை தரம் பெருமையாகச் சொல்லியிருக்கிறார். கண்ணைத் திறந்து வைத்திருந்தாலும் அங்கே மூடினது போலத்தானே. எது மேல், எது கீழ் என்று காது சொல்ல வேண்டும். காதுதான் செத்துப்போச்சே.

என்ர வாய்தான் இவரைக் கொண்டுபோய்க் கொல்லப் போகுது. வேற ஒருத்தரும் இல்லை, நான்தான்.

ஏப்ரல் 8

இன்று ஒரு தவளை, கண்ணை மூடிப் பலகையைச் சரித்தபோது தலையை நிமிர்த்தியது. திரும்பச் செய்தோம். திரும்பவும் நிமிர்த்தியது. மிஸ்ஸுக்குக் கண் கலங்கிவிட்டது. "வந்திட்டு, சுதர்ஷினி, வந்திட்டு" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கு அந்தத் தவளை மேல் பொறாமையாக இருந்தது. வெட்கம்தான், ஆனால் அதுதான் உண்மை.

மனிசருக்கு இப்படி வருமா என்று கேட்டேன். தெரிந்துகொண்டே கேட்டேன்.

"இப்படி வளராது. உங்கட ஹஸ்பண்ட் நடக்கிறாரெண்டா மூளை பழகிட்டு, அவ்வளவுதான். ஏன், திரும்ப இறங்கப் போறாரா?"

தொட்டி கழுவ வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

ஏப்ரல் 10

முனீப் நானாவுக்குப் போன் எடுத்தேன். தவளைக்குத்தான் வளரும், இவருக்கு வளரவில்லை, வளரவும் மாட்டாது என்றேன்.

"தங்கச்சி, நான் வேணாமெண்டு சொன்னா அவன் வேற வள்ளத்தில ஏறிடுவான். என்ட வள்ளத்திலயெண்டா நானாவது பாத்துக்கொள்ளுவன். நீங்கதான் அவனுக்குச் சொல்லோணும்."

யாராவது எனக்காகச் சொல்லிவிடுவார்கள் என்றுதானே போன் எடுத்தேன்?

ஏப்ரல் 11

சொல்லிவிட்டேன்.

"அப்ப பொய்யா சொன்னனீ?"

"ஓம். நீங்கள் சாப்பிடோணுமெண்டு சொன்னனான்."

"பொய்யெண்டா நான் எப்பிடி நடக்கிறன்? எப்பிடி வள்ளத்தில நிண்டனான்?"

"கண்ணால நிண்டனீங்கள். இப்ப கண்ணை மூடிக்கொண்டு நில்லுங்கோ பாப்பம்."

மூடவில்லை. பிறகு சேர்ட்டை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

ஏப்ரல் 12 – சனி

விடிய என்னை எழுப்பினார். "வா, கரைக்குப் போவம்."

சல்லி ஊர்க் கரையில் அலையே இல்லை. இடுப்பளவு தண்ணீருக்குள் போய் நின்றார். என்னுடைய பழைய சால்வையைக் கொண்டு வந்திருந்தார். தானே கண்ணைச் சுற்றிக் கட்டினார். "தண்ணிக்குள்ள தாண்டு எழும்பிக் காட்டுறன். கிட்ட வராத" என்றார். மூச்சை இழுத்து, முழங்காலை மடக்கி, உள்ளே போனார்.

காலை நிலத்தில் இருந்து எடுத்துவிட்டார் போல. உடம்பு ஒரு பக்கமாக உருண்டது. பிறகு இரண்டு கையாலும் பலமாக நீந்தத் தொடங்கினார் – அடி மணலை நோக்கி. முகத்தை மணலில் குத்திக்கொண்டு, இன்னும் போ, இன்னும் போ என்று காலால் அடிக்கிறார். கால் தண்ணீருக்கு வெளியே அடிக்கிறது. இடுப்பளவுத் தண்ணீர். எழும்பி நின்றால் முடிந்தது. நிற்கத் தெரியவில்லை இவருக்கு.

நான் போய் இடுப்பைக் கட்டிப் பிடித்து இழுத்தேன். என்னையும் உதைத்தார். எப்படியோ தலையை வெளியே எடுத்தேன். வாய் நிறைய மண். இருமி முடித்து, சால்வையை அவிழ்க்காமலே சொன்னார்:

"மேல எண்டுதான் சுதா நினைச்சன்."

கரையில் உட்கார்ந்து அழுதார். கலியாணம் கட்டி இவ்வளவு காலத்தில் இவர் அழுது நான் கண்டதில்லை. நானும் அழுதேன். வலை இழுக்க வந்தவர்கள் கண்டும் காணாதது போல அந்தப் பக்கமாகப் போனார்கள்.

ஏப்ரல் 14

வருஷப் பிறப்பு. பொங்கினேன். கைவிசேஷக் காசு தந்துவிட்டு இறக்கக்கண்டிக்குத் தனியாகப் போனார். முனீப் நானாவிடம் என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

ஏப்ரல் 23 – புதன்

இன்று வள்ளம் கொட்டியாரத்துக்குப் போனது. இவரும் போனார். சங்கு குளிக்க இல்லை. மேலே வள்ளத்தில் இருந்து கயிறு பிடிக்க, கீழே குளிப்பவர்களின் குமிழி பார்க்க. முனீப் நானாதான் அந்த வேலையைக் கொடுத்திருக்கிறார்.

போகட்டும் என்று நானே சொன்னேன். சொல்லிவிட்டு நாள் முழுக்கச் செத்தேன். தண்ணீரைக் கண்டால் இவர் சும்மா இருப்பாரா? யாராவது ஒருவர் கீழே சுணங்கினால் குதிக்கமாட்டாரா? ஆய்வுகூடத்தில் ஒரு போத்தலைப் போட்டு உடைத்தேன். மிஸ் என்னை நேரத்தோடு அனுப்பிவிட்டார்.

பின்னேரம் வந்து சேர்ந்தார். நல்ல சங்கு பட்டதாம். செருப்பைக் கழற்றினார். நான் ஒன்றும் கேட்கவில்லை, குசினி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். இவர் நேரே என்னிடம் வந்து, தொப்பியை எடுத்துவிட்டு, தலையைக் குனிந்து காட்டினார்.

முடிக்குள் விரலை விட்டுப் பார்த்தேன். காய்ந்திருந்தது.