கடல் பார்த்த நாய்

2-1-85, புதன்

பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. நாள் முழுக்கத் தலைவலி.

நேற்று மாதா கோவிலில் புது வருஷப் பூசை முடிந்து வந்ததும் இவர் சட்டையைக்கூட மாற்றவில்லை. நாயைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார். கிடங்கல் ஏரிக்காம். நீச்சல் பழக்கவாம். திரும்பி வரும்போது மணி மூன்று. இரண்டும் நனைந்து, இரண்டும் சேறு, இரண்டுக்கும் ஒரே சிரிப்பு. நான் கறிக்குழம்பை மூன்று தடவை சுட வைத்திருந்தேன்.

கேட்டால், "மனுசனுக்குப் புதுத்துணி, பலகாரம். நாயிக்கு அதெல்லாம் இன்னாத்துக்கு சவுரி? அதுக்கு நாலு எடம் காட்டறதுதான் பண்டிகை இனாம்" என்கிறார்.

எனக்கு இனாம் புடவை. பச்சை. போன வருஷமும் பச்சை.

இவர் வேலை பார்க்கும் விழுப்புரம் ஸ்டேஷன் பார்சல் ஆபீஸில் யாரும் வாங்க வராத கூடையில் கிடந்த குட்டி. தூக்கிவந்து, பார்சல் என்றே பெயரும் வைத்து, என் தலையில் கட்டினார். இவருக்கு வாரத்தில் ஒரு நாள்தான் திண்டிவனம். மற்ற ஆறு நாளும் சோறு வைப்பது யார், உண்ணி எடுப்பது யார்?

கல்யாணமாகி எட்டு வருஷம். "நீயும் வர்றியா" என்று ஒரு வார்த்தை அந்த வாயிலிருந்து வந்ததில்லை.

10-1-85

பள்ளிக்கூடத்துக்குப் பச்சைப் புடவை கட்டிக்கொண்டு போனேன். எடுப்பாக இருக்கிறது என்றார்கள். இருக்கட்டும்.

8-4-85, திங்கள்

உயிர்த்த ஞாயிறு இனாம்: மண்டகப்பட்டு. எதிர்வீட்டுக் கோதண்டபாணியின் லாரி அந்தப் பக்கம் போயிருக்கிறது. தொற்றிக்கொண்டார்கள், இவரும் நாயும்.

மகேந்திரவர்மன் பாறையைக் குடைந்து கட்டிய கோவிலில் பார்சல் நிழலாகப் பார்த்துப் படுத்துத் தூங்கியதாம். சிரிக்கச் சிரிக்கச் சொல்கிறார். ஐந்தாம் வகுப்புக்கு வருஷா வருஷம் பல்லவர் பாடம் நடத்துகிறவள் நான். மண்டகப்பட்டு என்று கரும்பலகையில் எழுதிக் கோடும் போடுகிறேன். நான் பார்த்ததில்லை. நாய் பார்த்துவிட்டது.

20-6-85, வியாழன்

மூன்று நாளாகப் பார்சலுக்கு வாந்தி. இரண்டு நாள் லீவு போட்டேன். ரிக்ஷாவில் மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் ஊசி. குளுக்கோஸ் தண்ணீரை ஸ்பூனில் ஊற்றினேன். இரண்டு நாளும் என் மடியில்தான் தலை.

இன்று மதியம் இவர் வந்தார். தலையைத் தூக்காமல் கிடந்தது எழுந்து, தள்ளாடிக்கொண்டு வாசலுக்கு ஓடியது.

"வாடா என் மவனே" என்று வாரி எடுத்துக்கொண்டார்.

மகனே.

நான் உள்ளே போய் அடுப்பைப் பார்த்தேன். அடுப்பில் ஒன்றும் இல்லை.

16-8-85, வெள்ளி

நேற்று மாதா திருநாள், சுதந்திர தினம், இரண்டும். பள்ளிக்கூடத்தில் கொடியேற்றி மிட்டாய் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தால் இரண்டு பேரும் இல்லை. மரக்காணம். கோதண்டபாணி உப்பு லோடுக்குப் போகிறவர், கூடவே போயிருக்கிறார்கள்.

நாய் கடல் பார்த்துவிட்டது.

எனக்கு முப்பத்திரண்டு வயசு. பிறந்தது மேல்மலையனூர்ப் பக்கம், படித்தது வேலூர். நான் இதுவரை கடல் பார்த்ததில்லை. இங்கிருந்து ஒரே பஸ்.

கோதண்டபாணியின் பெண்சாதி அம்மணி, "நீங்க வாயத் தொறந்து கேட்டாத்தான டீச்சர் அவருக்குத் தெரியும்" என்கிறாள். கேட்டு வாங்குவதா? கேட்டு வாங்கினால் அது இனாமா?

பார்சல் காதுக்குள் மணல். நான்தான் துடைத்தேன்.

3-10-85

நாய்க்கு மோர்ச்சோறு வைத்தேன். பேசவில்லை. அதுவும் பேசவில்லை.

21-12-85, சனி

கிறிஸ்துமஸுக்கு முன் கோவிலில் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம். இந்த வருஷம் சொல்லிவிடுவது என்று போனேன்.

"பொறாமைப்படறேன் சாமி."

"யார் மேலம்மா?"

நாய் என்று எப்படிச் சொல்வது? "வீட்டுல இருக்கறவங்க மேல. அவரு லீவுல வந்தா அவங்களயேதான் வெளிய கூட்டிக்கினு போறாரு. என்னக் கூப்பிடறதில்ல."

சாமியார் பெருமூச்சு விட்டார். "மாமியாரும் ஒரு தாய்தான். வயசானவங்க வீட்டுலயே அடைஞ்சி கிடப்பாங்க. இந்தப் பண்டிகைக்கு நீங்களே அவங்கள நல்ல எடமாப் பாத்துக் கூட்டிக்கினு போங்க. அதான் உங்களுக்கு அபராதம்."

மாமியார் செத்து நாலு வருஷம் ஆகிறது. திருத்தியிருக்க வேண்டும். பின்னால் வரிசையில் பத்துப் பேர். "சரிங்க சாமி" என்று எழுந்து வந்துவிட்டேன்.

22-12-85

அபராதத்தைச் செய்யாமல் கிறிஸ்துமஸ் பூசையில் நற்கருணை வாங்குவது எப்படி? சாமியார் நினைத்தது மாமியாரை. நான் சொன்னது நாயை. ஆண்டவருக்கு யாரென்று தெரியும்.

இவர் 25 காலையில்தான் வருவேன் என்று கார்டு போட்டிருக்கிறார். செவ்வாய்க்கிழமை உப்பு லோடு இருக்கிறதாம். அம்மணியும் கூட வருகிறேன் என்கிறாள்.

24-12-85, செவ்வாய்

லாரியில் எனக்கும் அம்மணிக்கும் நடுவில் பார்சல். மரக்காணம் நெருங்கும்போதே மூக்கைத் தூக்கி முனக ஆரம்பித்துவிட்டது. இறங்கியதும் என்னை இழுத்த இழுப்பு! அதற்கு வழி தெரிந்திருந்தது. கவிழ்த்துப் போட்ட படகு ஒன்றைச் சுற்றிச் சுற்றி மோந்தது. போன தடவை இவர் அங்கேதான் உட்கார்ந்திருப்பார். அங்கேயும் எனக்கு எரிந்தது.

பிறகு தலையை நிமிர்த்தினேன்.

எழுத வரவில்லை. பெரிசு. அவ்வளவுதான்.

அலை காலைத் தொட்டதும் நான் கத்திவிட்டேன். பார்சல் ஓடிவந்து, கடலுக்கும் எனக்கும் நடுவில் நின்று கடலைப் பார்த்துக் குரைத்தது. அம்மணி விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் புடவையை முழங்கால் வரை தூக்கிச் செருகிக்கொண்டு ஒரு மணி நேரம் தண்ணீரில் நின்றேன். அபராதம் என்பதே மறந்துபோனது.

திரும்பும்போது மணி ஐந்து. வாசற்படியில் இவர். டூட்டி மாற்றிக்கொண்டு ஒரு நாள் முன்னாலேயே வந்திருக்கிறார். மதியத்திலிருந்து பூட்டிய வீட்டின் முன்னால் உட்கார்ந்திருக்கிறார். மடியில் துணிக்கடைப் பை.

பார்சல் போய் அவர் கையை ஒரு நக்கு நக்கிவிட்டு, திரும்பி வந்து என் காலடியில் படுத்தது. களைப்புதான். ஆனாலும் அவர் பார்த்தார்.

"எங்க போயிட்டு வர்றீங்க ரெண்டு பேரும்?"

"மரக்காணம்."

"கடலுக்கா?" பையைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். "என்ன வுட்டுட்டா?"

அந்த முகம் எனக்குத் தெரியும். ஒரு வருஷமாக இந்த நோட்டில் இருப்பது அந்த முகம்தான். சந்தோஷப்பட்டேன். பொய் சொல்வானேன், நன்றாகவே சந்தோஷப்பட்டேன். காப்பி கலக்கும்வரை.

டம்ளரை வாங்கிக்கொண்டவர் குடிக்காமல் நாயின் காதிலிருந்த மணலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"திங்கக்கிழமை மறுபடியும் லோடு போவுதாம்" என்றேன். "நீங்களும் வர்றீங்களா?"

எட்டு வருஷமாகக் காதில் விழும் விழும் என்று நான் காத்திருந்த வார்த்தை. என் வாயிலிருந்தே வந்துவிட்டது.

"லாரில எனக்கு எடம் இருக்குமா?" என்றார்.

பையை அப்புறம்தான் பிரித்தேன். பச்சை. திங்கட்கிழமைக்கு அதையே கட்டிக்கொள்ளலாம்.