நாடாத் தழும்புக்கு அடியில் இருக்கும் காய்ச்சல்: மூடிய அறையும் ஒரு பெண் செவிலியரும் கேட்டு

அனுப்புநர்
சி. நல்லகாமன்,
த/பெ. சின்னக்கருப்பன்,
வாழை இலை மொத்த வியாபாரம்,
மாட்டுத்தாவணி, மதுரை.

பெறுநர்
மாவட்ட சுகாதார அலுவலர் அவர்கள்,
மதுரை மாவட்டம்.

பொருள்: கீழமடைப்பட்டி வாழைத் தோட்டங்களில் இலை அறுக்கும் பெண்களுக்கு வரும் உண்ணிக் காய்ச்சல் – 27.11.2025 வியாழக்கிழமை நடக்கவுள்ள காய்ச்சல் முகாமை மூடிய அறையில், பெண் செவிலியரை வைத்து நடத்த உத்தரவிடக் கோருவது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் முப்பது வருடமாக இலை வியாபாரம் செய்கிறேன். சைக்கிள் கேரியரில் கட்டு வைத்து மெஸ் மெஸ்ஸாக இலை போட்டவன். இன்று கீழமடைப்பட்டியில் பதினோரு ஏக்கர் வாழையைக் குத்தகைக்கு எடுத்து, பதினான்கு பெண்களை வேலைக்கு வைத்து இலை அறுக்கிறேன். படிப்பு எட்டாம் வகுப்பு. இம்மனுவில் மரியாதைக் குறைவாக ஏதும் தெரிந்தால் அவசரத்தில் வந்தது என்று பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன். முகாமுக்கு இன்னும் மூன்றே நாள்தான் இருக்கிறது.

2. என்னிடம் ஒன்பது வருடமாக இலை அறுத்த சோணையம்மாள் (வயது 44) என்பவருக்கு 23.10.2025 அன்று காய்ச்சல் கண்டது. மூன்றாம் நாள் காய்ச்சலோடு தோட்டத்துக்கு வந்தார். அன்று திருப்பரங்குன்றத்தில் மட்டும் மூன்று மண்டபத்துக்கு நான் இலை கொடுக்க வேண்டியிருந்தது. "இன்னைக்கு ஒரு நா சமாளி தாயி, நாளைக்குப் படுத்துக்க" என்று ஒரு பாராசிட்டமால் மாத்திரையைக் கொடுத்து அறுக்கச் சொன்னவன் நான்தான். "காய்ச்சல் என்ன புதுசாண்ணே" என்று அவரும் அறுத்தார். இதை மறைத்துவிட்டு மற்றவர்கள் மேல் புகார் எழுத எனக்கு மனம் வரவில்லை.

3. 27ஆம் தேதியும் 30ஆம் தேதியும் அவர் எங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனார். இரண்டு முறையும் ரத்தம் எடுத்தார்கள். டெங்கு இல்லை, மலேரியா இல்லை என்று சீட்டு வந்தது. உடம்பில் எங்கேனும் புண் இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவர் சொல்லியிருக்கமாட்டார் என்பதே என் எண்ணம். அங்கே டாக்டர் மேசைக்கும் வரிசையில் நிற்கும் ஆட்களுக்கும் இடையில் திரை என்று ஒன்று கிடையாது. 31ஆம் தேதி மூச்சு இரைத்தது. மறுநாள் மதுரையில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தோம். 02.11.2025 காலையில் இறந்துபோனார். "காரணம் அறியப்படாத காய்ச்சல்" என்று எழுதிக் கொடுத்தார்கள்.

4. ஒரு வாரம் கழித்து, அவரோடு ஒரே வரிசையில் நின்று அறுக்கும் முத்துச்செல்வி (வயது 29) என்பவருக்குக் காய்ச்சல் வந்தது. இந்த முறை நான் காத்திருக்கவில்லை. இரண்டாம் நாளே தல்லாகுளம் பக்கம் ஒரு கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். அங்கிருந்த ரூத் என்ற செவிலியர் என்னை வெளியே போகச் சொல்லித் திரையை இழுத்துவிட்டார். உள்ளே பேசியது எனக்கு நன்றாகவே கேட்டது.

"இடுப்புல இது என்னம்மா, சிகரெட்டு வச்சுச் சுட்டாப்புல?"

"நாடா அறுத்தது சிஸ்டர். வலியெல்லாம் இல்ல."

"நாடா அறுத்தா இடுப்பச் சுத்தி வரும். ஒரே எடத்துல பொட்டு மாதிரியா குழி போடும்?"

5. ஐயா, இந்த இடத்தில்தான் எல்லாரும் ஏமாந்திருக்கிறோம். வாழைத் தோட்டத்து ஈரத்தில் நிற்கிறவர்கள் சேலையைத் தூக்கிச் செருகுவார்கள். அது அவிழாமல் இருக்கப் பாவாடை நாடாவை இறுக்கிக் கட்டுவார்கள். இடுப்பில் தழும்பு இல்லாத பெண் நம் தோட்டத்திலேயே கிடையாது என்கிறாள் என் மனைவி. அந்தக் கிளினிக் டாக்டர் எனக்கு விளக்கியது இது: புல்லிலும் புதரிலும் கண்ணுக்குத் தெரியாத சிறு உண்ணிக்குஞ்சு இருக்கிறது, எலிகள் உள்ள இடத்தில் அதிகம். அது காலில் ஏறி, துணி இறுக்கமாக இருக்கும் இடத்தில் பெரும்பாலும் நின்று கடிக்கிறது. கடித்த இடத்தில் வலி இல்லாமல் கருப்பாகப் பொருக்குக் கட்டுகிறது. ஆக, எங்கள் பெண்களுக்கு உண்ணி தேடி வரும் இடமும் நாடாத் தழும்பு உள்ள இடமும் ஒன்றாகப் போய்விட்டது. பொருக்கைப் பார்த்தாலும் தழும்பு என்றுதான் நினைப்பார்கள்.

6. முத்துச்செல்விக்கு டாக்ஸிசைக்ளின் என்ற மாத்திரையை அன்றைக்கே, ரத்தப் பரிசோதனை முடிவு வரும் முன்பே தொடங்கினார்கள். அரிய மருந்து ஒன்றும் இல்லை, சாதாரண மருந்துக் கடையிலேயே கிடைப்பது. மூன்றாம் நாள் அவரே போன் செய்து, "அண்ணே, இலைக்கு ஆள் பத்துதா, நான் வாரவா?" என்று கேட்டார். அதன்பின் விசாரித்ததில், சோணையம்மாளின் உடலைக் குளிப்பாட்டிய பெண்கள் நால்வரும் அவர் இடுப்பிலும் அதே போல் ஒரு கருப்புப் பொருக்கைப் பார்த்ததாகச் சொல்கிறார்கள். அவர்களும் நாடா அறுத்தது என்றே நினைத்திருக்கிறார்கள்.

7. 14.11.2025 அன்று இதை ஆரம்ப சுகாதார நிலையத்தில் போய்ச் சொன்னேன். அங்கிருந்த சுகாதார ஆய்வாளர் நல்ல மனிதர், குற்றம் சொல்ல எழுதவில்லை. "டெங்கு நெகட்டிவ்ண்ணே. ஊர் பூராம் கொசுப் புகை அடிச்சாச்சு. ரிப்போர்ட்டும் மேல போயிருச்சு. இனி நான் என்ன செய்ய?" என்றார். தோட்டத்துக்குள்ளும் புகை அடித்தார்கள். புல்லில் இருக்கும் உண்ணிக்குக் கொசுப் புகை அடித்து என்ன பயன் என்று அவரிடமே கேட்டேன். அண்மை வருடங்களில் தமிழ்நாட்டுக் கிராமங்களிலேயே வீடு வீடாகப் போய்க் காய்ச்சலைப் பின்தொடர்ந்து ஆராய்ச்சி செய்திருக்கிறார்கள் என்றும், மழைக்குப் பிறகு வரும் குளிர் மாதங்களில் இக்காய்ச்சல் நாம் நினைப்பதைவிட மிக அதிகம் என்று தெரிந்திருக்கிறது என்றும் கிளினிக் டாக்டர் சொன்னார். ஆராய்ச்சி செய்தவர்களுக்குத் தெரிந்தது எங்கள் ஊர் ஓ.பி. மேசைக்கு இன்னும் வந்து சேரவில்லை என்பதுதான் என் புகார்.

8. என் அளவில் செய்ய முடிந்ததைச் செய்துவிட்டேன். எலி அடையும் காய்ந்த சருகுக் குவியலை அகற்றிவிட்டேன். மாற்றுச் சேலையை வரப்பில் குவிக்காமல் கயிற்றில் போடச் சொல்லியிருக்கிறேன். சாப்பிட உட்காரத் தார்ப்பாய் வாங்கிப் போட்டேன். ஆனால் என் பதினோரு ஏக்கரைச் சுற்றி நூறு ஏக்கர் மற்றவர்களுடையது. அங்கே அறுக்கும் பெண்களுக்கு நான் உத்தரவு போட முடியாது.

9. இதில் எனக்குச் சுயநலம் இல்லை என்று சொல்லமாட்டேன். சக வியாபாரி பேச்சிமுத்து என்னைக் கூப்பிட்டு, "மாப்ள, பேசாம இரு. இலைல நோயின்னு கெளம்பிருச்சு, மண்டபத்துக்காரய்ங்க பூராம் பேப்பர் இலைக்குப் போயிருவாய்ங்க. அப்புறம் நீயும் நானும் வாழைக்காயத்தான் விக்கணும்" என்றார். அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. இலையில் நோயாமே என்று ஏற்கெனவே ஒரு மண்டபத்தில் கேட்டுவிட்டார்கள். இலையில் சாப்பிடுவதால் இது வராது, ஆளுக்கு ஆள் தொற்றாது என்று டாக்டர் எனக்குச் சொன்னதை முகாமில் தாங்கள் ஒரு வார்த்தை அறிவித்தால் எனக்கு உதவிதான். ஆனால் அதைக் கேட்க நான் இம்மனுவை எழுதவில்லை. வியாபாரம் போனால் வேறு வியாபாரம் பார்ப்பேன்.

10. வியாழக்கிழமை முகாம் ஊராட்சி அலுவலகத்துக்கு முன்னால், சாமியானா பந்தலில் என்று நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். வருவது ஆண் டாக்டர் இருவர். நாலு பேர் டீ குடித்துக்கொண்டு நிற்கும் இடத்தில் எந்தப் பெண் நாடாவைத் தளர்த்துவாள்? "ஊசி போட்டா கைய நீட்டுவோம்ணே, இடுப்பக் காட்டச் சொன்னா ஆத்துல குதிச்சிருவோம்" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டார்கள். அப்படியே முகாம் நடந்தால் ரத்தம் எடுப்பார்கள், டெங்கு இல்லை என்று வரும், எங்கள் ஊரில் காய்ச்சலே இல்லை என்று இரண்டாவது ரிப்போர்ட்டும் மேலே போகும். அதற்குப் பிறகு யார் சொன்னாலும் எடுபடாது. இந்தப் பயம்தான் என்னை உட்காரவிடாமல் அடிக்கிறது.

11. ஆகவே தாங்கள் தயவுசெய்து,

அ) முகாமை அதே தெருவில் உள்ள பள்ளிக்கூட வகுப்பறைக்கு மாற்றவும், கதவைச் சாத்திப் பெண் செவிலியர் ஒருவர் பெண்களைப் பார்க்கவும் உத்தரவிட வேண்டும். பள்ளித் தலைமையாசிரியரிடம் நான் பேசிவிட்டேன். தங்கள் கடிதம் ஒன்று இருந்தால் போதும் என்கிறார்.

ஆ) எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மேற்படி மாத்திரை இந்தக் குளிர் மாதங்கள் முழுக்க இருப்பில் இருக்க வேண்டும். சந்தேகம் இருந்தால் பரிசோதனை முடிவுக்குக் காத்திராமல் டாக்டர் தொடங்கலாம் என்பதை எழுத்தில் அனுப்ப வேண்டும். பொருக்கு எல்லாருக்கும் வராதாம். பொருக்கு இல்லை என்று சொல்லியும் யாரையும் திருப்பி அனுப்பிவிடக் கூடாது.

இ) சோணையம்மாளின் மரணத்தை மறுபடி விசாரித்து, என்ன காய்ச்சல் என்று எழுத வேண்டும். எனக்கு ஒத்தாசையாக எழுத வேண்டாம். நான் மாத்திரை கொடுத்து வேலைக்கு அனுப்பியதும் அதில் வரட்டும்.

பதிலைத் தபாலில் அனுப்பினால் முகாம் முடிந்துதான் என் கைக்கு வரும். அதனால் மனுவைக் கொடுத்துவிட்டுப் போகாமல் தங்கள் அலுவலக வராண்டாவிலேயே இருக்கிறேன். எத்தனை மணியானாலும் காத்திருந்து தங்கள் உத்தரவைக் கையில் வாங்கிக்கொண்டு போக அனுமதிக்க வேண்டுகிறேன்.

இடம்: மதுரை
நாள்: 24.11.2025

இப்படிக்கு,
உத்தரவை எதிர்நோக்கும்,
சி. நல்லகாமன்

இணைப்பு:
1. சோணையம்மாளின் ரத்தப் பரிசோதனைச் சீட்டுகள் இரண்டு, இறப்புச் சான்று – நகல்கள்.
2. முத்துச்செல்வியின் மருந்துச் சீட்டு – நகல்.
3. இலை அறுக்கும் பெண்கள் பதின்மூன்று பேரின் பெயரும் கையொப்பமும் கைரேகையும்.

குறிப்பு: ஆதாரமாகப் புகைப்படம் இணைக்கவில்லை. எடுக்கக் கூடாத இடம் என்பதைத் தாங்கள் அறிவீர்கள். முத்துச்செல்வி என்னுடன் வந்து வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். அலுவலகத்தில் பெண் மருத்துவர் யாரேனும் இருந்து, கதவைச் சாத்திக்கொண்டால், காட்டச் சம்மதித்திருக்கிறார்.