கற்றை தள்ளிய அணுக்கள்

அன்புள்ள மகளுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் நலம்தானே? எனக்கு முழங்கால் வலி தவிர ஒரு குறையும் இல்லை.

இதைச் சிரிப்பதற்காகத்தான் சொல்கிறேன். எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்து, தங்கத் துகளின் மேற்பரப்பில் அணுக்கள் புது வரிசையில் நிற்கின்றன என்று கட்டுரை எழுதினேனே? "மேடம், எலக்ட்ரான் கற்றையோட வலுவைக் குறைச்சுப் பார்த்தீங்களா?" என்று ஆய்வகத்தில் பக்கத்து மேசைக்காரி கேட்டாள். "உன் வயசைவிட என் சர்வீஸ் ஜாஸ்தி" என்றேன். பிறகு குறைத்துப் பார்த்தேன். அந்த வரிசையே இல்லை. நுண்ணோக்கியின் கற்றைதான் அணுக்களைத் தள்ளி அப்படி நிறுத்தியிருந்தது.

கட்டுரையை நானே திரும்பப் பெற்றேன். ஓய்வு வயதாகி, அடுத்த மாதத்தோடு வேலையும் முடிகிறது.

நீ அனுப்புவதாக எழுதிய கறுப்பு ஸ்வெட்டரை இப்போது அனுப்ப வேண்டாம். அப்பா போனதும் நீ கூப்பிட்டபோது, யார் வீட்டிலும் தங்கமாட்டேன் என்று கறாராகச் சொன்னேன். உன் வீட்டு ஜன்னலோரம் ஒரு மேசை போட இன்னும் இடம் இருக்கிறதா? இல்லையென்றால் தயங்காமல் எழுது.

தபால் எடுக்க வந்துவிட்டார்கள்.

அம்மா