டாசோ அசையாமல் இருக்க ஒரு குச்சி

ஜனவரி 30, வியாழன்

வெளியில் சொல்ல முடியாத காரியம் ஒன்று செய்துவிட்டேன். இங்கே எழுதி வைக்கிறேன். தீவனக் கடையில் நாய் கடிக்கிற குச்சி ஒன்றை எடுத்து, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து, என் கடைவாய்ப் பல்லில் வைத்துக் கடித்துப் பார்த்தேன். எவ்வளவு கெட்டி என்று தெரிய வேண்டாமா? பொட்டலத்தில் இங்கிலீஷில் இருப்பதை நான் விரல் வைத்து எழுத்துக்கூட்டிப் படித்து முடிப்பதற்குள் கடையைச் சாத்திவிடுவார்கள். பல்லுக்குப் படிப்பு தேவையில்லை.

கடைக்காரன் டிராவிஸ் அலமாரிக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தான்.

“ஓடிலக்கா, அது என்னன்னு தெரியுமா?”

“மாட்டு நரம்புதானே?”

“காளை மாடு. நரம்பு இல்ல. காளைக்கு மட்டும் இருக்குமே, அது.”

ஊரையே கேலி செய்கிற நான் குச்சியை வாயிலிருந்து எடுத்துக் கூடையில் போட்டேன். கடித்ததையும் சேர்த்து நான்கு குச்சி வாங்கினேன். வாசலுக்கு வந்ததும் அவன் விடவில்லை. “ருசி எப்படிக்கா?” “உப்பு பத்தலடா” என்று சொல்லிவிட்டு வந்தேன்.

செவ்வாய்க்கிழமை டாசோவுக்கு முதல் ஊசி போட்டார்கள். போன அக்டோபரில் நெல் உலர்த்தும் கொட்டகைப் பக்கம் எலும்பும் தோலுமாக நின்ற நாய். எங்களிடம் வரும்போதே கொசு கொடுத்த புழு இதயத்தில் குடியிருந்திருக்கிறது. ஊசி புழுவைக் கொல்லும். செத்த புழு துண்டு துண்டாக நுரையீரலுக்குப் போகும். அந்த நேரத்தில் நாய் ஓடினாலோ குதித்தாலோ, ரொம்ப சந்தோஷப்பட்டால்கூட, ரத்தம் அடைத்துச் செத்துப்போகும்.

டாக்டரம்மா லாண்ட்ரினோ சொன்னது: “வசந்தம் முடியுறவரைக்கும் கூண்டுலயே இருக்கணும். நல்லா நேரம் பிடிக்கிற மாதிரி ஏதாவது கடிக்கக் குடுங்க. கடிக்கிற நாய் படுத்திருக்கும்.”

அதனால்தான் குச்சி.

பிப்ரவரி 1, சனி

பெரிய தொந்தரவு நான்தான். என்னைப் பார்த்தாலே அவன் வால் கூண்டுக் கம்பியில் தாளம் போடுகிறது. மூன்று மாதமாக அவன் காதை இழுத்து, பேர் சொல்லிப் பாடி, துடைப்பத்தை ஒளித்து விளையாட்டுக் காட்டியது யார்?

என் வீட்டுக்காரர் யூரிஸ் எனக்குப் பாடம் நடத்துகிறார். “மூஞ்சிய சாவு வீட்டுல இருக்கிற மாதிரி வச்சுக்கோ. அவன் பக்கம் பாக்காத. பேசாத.”

“முப்பது வருஷம் என் கூட இருந்தப்ப இந்த யோசனை தோணலயா?”

“தோணுச்சு. நீ கேக்கணுமே.”

இன்று காலை முழுவதும் பேசாமல் இருந்தேன். தலை வலிக்கிறது.

பிப்ரவரி 5

பன்றிக் காது: காப்பியில் சர்க்கரை கரைவதற்குள் காணோம். ஊசியோடு கொடுத்த மாத்திரை அவனுக்கு அகோரப் பசியைக் கொடுத்துவிட்டது. மெல்லுவதில்லை, விழுங்குகிறான்.

சர்க்கரைவள்ளிக் கிழங்கைத் தடித்தடியாக வெட்டி அடுப்பில் காயவைத்தேன். அதை யூரிஸ் தின்றுவிட்டார்.

பிப்ரவரி 9, ஞாயிறு

யூரிஸின் தம்பி பிளசீட் வீட்டில் பன்றி அடித்தார்கள். ஊரே அங்கேதான். ரத்தம் அடைத்த குடல், வறுத்த தோல், ஆளுக்கொரு கத்தி. நான் போகவில்லை. சாயங்காலம் பிளசீட் ஒரு பை கொண்டுவந்தான். உள்ளே புகை போட்ட தொடை எலும்பு, அவன் சுட்ட மானின் கொம்பு.

“அண்ணி, இந்தக் கொம்பு ஒரு வருஷம் தாங்கும். நாய் கிழவனாயிடும், கொம்பு அப்படியே இருக்கும்.”

கொம்பை என் முழங்காலில் தட்டிப் பார்த்தேன். உயிர் போயிற்று. டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன்.

“நகத்தால அழுத்திப் பாருங்க. நகம் பதியணும். பதியலன்னா அவன் பல்லு உடையும். இப்ப பல்லுக்கு மயக்க மருந்து குடுக்க முடியாது, இதயம் தாங்காது. வெந்த எலும்பு, புகை எலும்பு வேண்டவே வேண்டாம். சில்லு சில்லா ஒடைஞ்சு குடலைக் கிழிச்சிடும்.”

எலும்பு பீன்ஸ் சட்டிக்குப் போயிற்று. கொம்பில் என் கோட்டை மாட்டியிருக்கிறேன். பிளசீட் முகம் சுருங்கிவிட்டது. அவன் நாய்கள் எல்லாம் கொம்புதான் கடிக்கின்றன, அவற்றின் பல்லை இதுவரை யாரும் பார்த்ததில்லை.

பிப்ரவரி 12

மாட்டுக் குளம்பு. நகம் பதியவில்லை. வீடு முழுக்க லாயத்து நாற்றம். தூக்கிப் போட்டாயிற்று, நாற்றம் மட்டும் போகவில்லை.

பிப்ரவரி 15

எலும்பு மாதிரி முடிச்சுப் போட்ட வெள்ளை மாட்டுத் தோல். கடையில் அழகாக இருந்தது. ஒரு துண்டைத் தண்ணீரில் ஊறப்போட்டேன். மதியம் பார்த்தால் கட்டைவிரல் பருமனாக இருந்தது என் கை பருமனாகிவிட்டது. இது வயிற்றுக்குள் ஊதினால்? கொடுக்கவில்லை.

மாட்டு மூச்சுக்குழாய் காயவைத்தது நகம் பதிகிற அளவு மெத்து. கொஞ்ச நேரம் வருகிறது. நல்லது. ஆனால் கொஞ்ச நேரம்தான்.

கடைசியில் காளைதான். மூன்றைப் பின்னிச் சடை போட்ட தடிக் குச்சி. நான் ஒரு சட்டி பீன்ஸ் வேகவைத்து முடிக்கும்வரை அவன் தலை நிமிரவில்லை. விலையைச் சொன்னால் காளைக்கே பெருமையாக இருக்கும்.

பிப்ரவரி 19, புதன்

இப்போதுதான் டாக்டரம்மாவிடமிருந்து வந்தோம்.

குச்சி தேய்ந்து கட்டைவிரல் நீளம் ஆகியிருந்தது. நான் அடுப்பில் மாவு கருகாமல் கிண்டிக்கொண்டிருந்தேன். திரும்பினால் குச்சியைக் காணோம். அவன் கழுத்தை நீட்டுகிறான். அப்புறம் இருமல். ஒரே இருமல்.

எந்த இருமல் இது? குச்சி அடைச்ச இருமலா, புழு அடைச்ச இருமலா? யாருக்குத் தெரியும் — எனக்குத் தெரியல, வாய்க்குள்ள கையை விட்டேன், ஒண்ணும் அகப்படல. யூரிஸ் அவனைக் கைக்குழந்தை மாதிரி தூக்கி வண்டியில வச்சாரு. அம்பது பவுண்டு நாய். அவரு முதுகு என்ன ஆச்சோ.

டாக்டரம்மா அவன் தொண்டைப் பாதியிலிருந்து குச்சியை இழுத்து எடுத்தார். நுரையீரல் சத்தம் கேட்டார். பரவாயில்லை என்றார். எனக்கு முன்னால் அந்தத் துண்டை வைத்தார்.

“இந்தக் கடைசித் துண்டுதான் ஆபத்து. அவன் மூஞ்சி நீளத்துக்குக் கீழ வந்ததுமே பிடுங்கிடுங்க. மெல்லும்போது பக்கத்துலயே இருங்க.”

“இருந்தேனே டாக்டரம்மா. முதுகைக் காட்டிக்கிட்டு இருந்தேன்.”

அவர் சிரிக்கவில்லை. நானும்.

பிப்ரவரி 26, புதன்

நேற்று ஒன்று, இன்று ஒன்று, கடைசி இரண்டு ஊசியும் இடுப்பில் போட்டாயிற்று. படுக்கவே வலிக்கிறது அவனுக்கு. இனி வரும் நாட்கள்தான் ரொம்ப மோசமாம், புழு எல்லாம் சாகிற நேரம்.

சுவரில் நாட்காட்டியைப் பார்த்தேன். அடுத்த செவ்வாய் மார்டி க்ரா, நோன்புக்கு முந்தின நாள் கூத்து.

பிப்ரவரி 27

பிளசீட் வந்தான். இந்த வருடமும் மார்டி க்ரா ஊர்வலத்துக்கு அவன்தான் தலைவன். அவன் வெள்ளைக் கொடியோடு முன்னால் வந்து கேட்பான், வீட்டுக்காரர் சரி என்றால் பின்னால் அத்தனை பேரும், முகமூடியும் குதிரையும் பாட்டு வண்டியுமாக, வாசலில் இறங்குவார்கள். யூரிஸ் கூரை மேலிருந்து கோழியைப் பறக்கவிடுவார். அதைத் துரத்திப் பிடித்துக்கொண்டு போய்ச் சாயங்காலம் ஊருக்கே கம்போ குழம்பு.

“பதினோரு மணிக்கு வந்துடுவோம் அண்ணே.”

“வாங்க” என்றார் யூரிஸ்.

நான் தட்டை வைத்துவிட்டுச் சொன்னேன். “வரக்கூடாது.”

ரெண்டு பேரும் சிரித்தார்கள். நான் சொல்கிற எதற்கும் ஊரில் சிரிப்பார்கள், அது என் தப்புதான். திரும்பச் சொன்னேன். அப்புறம் சிரிப்பு நின்றது.

“எங்கப்பன் காலத்துலேருந்து இந்த வாசல்ல கொடி திரும்பிப் போனதில்ல” என்றார் யூரிஸ். “அஞ்சு நிமிஷம். கதவைச் சாத்திக்கோ. அவனுக்கு ஒரு குச்சியைக் குடு.”

“குச்சி என்ன மந்திரக்கோலா?”

“நாய்க்காக ஊரைத் திருப்பி அனுப்புவியா?”

“அனுப்புவேன்.”

பிளசீட் தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

மார்ச் 2, ஞாயிறு

யூரிஸ் பேசவில்லை. உப்பு வேண்டுமென்றால் எழுந்து போய் எடுத்துக்கொள்கிறார். அவர் கூரையில் நிற்கிற அந்த அஞ்சு நிமிஷம்தான் அவருக்கு வருஷம் என்பது எனக்குத் தெரியாதா? நான் செய்வது சரியா? நாய் எப்படியும் செத்துப்போனால் அவர் முகத்தில் எப்படி முழிப்பேன்?

மார்ச் 4, செவ்வாய்

காலையில் யூரிஸ் கோழியைச் சாக்கில் போட்டுக்கொண்டு வெளியே போனார். எங்கே என்று நான் கேட்கவில்லை. ஏணி வைக்கும் சத்தம் வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். வரவில்லை.

கூண்டின் மூன்று பக்கமும் போர்வை போட்டேன். மின்விசிறியைச் சத்தமாக வைத்தேன். எடுத்து வைத்திருந்த தடிச் சடைக்குச்சியைக் கொடுத்தேன். நன்றாகத்தான் கடித்துக்கொண்டிருந்தான். தூரத்தில் அக்கார்டியன் வாத்தியமும் பாட்டும் கேட்டதும் குச்சி கீழே விழுந்தது. எழுந்து நின்றான். வால் கம்பியில் அடிக்கிறது. தொண்டைக்குள் ஒரு முனகல். இப்ப குதிக்கப்போறான், இப்பதான் — கதவைத் திறந்து நானே உள்ளே நுழைந்தேன், பாதி உடம்பு உள்ளே, மீதி வெளியே. பேசவில்லை. என் குரல் கேட்டால்தான் அவனுக்குக் கொண்டாட்டம். குச்சியின் ஒரு முனையை முஷ்டியில் பிடித்து மறு முனையை அவன் மூக்குக்குக் கீழே நீட்டினேன். அவன் என்னைப் பார்க்கவேயில்லை. வாசல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான்.

வேலி கிட்ட வந்ததும் பாட்டு பாதியில் நின்றது. குளம்புச் சத்தம். வண்டிச் சக்கரம். யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். அத்தனை குடிகாரர்கள் வாயை மூடிக்கொண்டு போய் நான் கேட்டதில்லை.

டாசோ உட்கார்ந்தான். பிறகு படுத்தான். ஒரு காலை என் மணிக்கட்டு மேல் போட்டு, மறு முனையிலிருந்து கடிக்க ஆரம்பித்தான். பாட்டு மறுபடி தொடங்கியது ரொம்பத் தள்ளி.

பின்பக்கக் கதவில் பிளசீட், கொடியைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு. ரகசியக் குரலில் கேட்டான்.

“எப்படி இருக்கான் அண்ணி?”

“படுத்திருக்கான்.”

“நீங்க ஏன் கூண்டுக்குள்ள?”

“வாடகை கம்மி.”

அவன்தான் சொன்னான். யூரிஸ் நாற்சந்தியில் யாருடைய டிராக்டர் மேலோ ஏறி நின்று கோழியை விட்டிருக்கிறார். பாட்டை நிறுத்தச் சொன்னதும் அவர்தானாம். “அண்ணன் அங்க நின்னு அழுதாரு.”

“குடிச்சிருந்தாரா?”

“ஒரு சொட்டு இல்ல.”

சாயங்காலம் யூரிஸ் தூக்குச் சட்டியில் கம்போ கொண்டுவந்து வைத்தார். “கோழி நல்லா ஓடுச்சு” என்றார். அவ்வளவுதான்.

மார்ச் 5, சாம்பல் புதன்

இன்று கறி கூடாது; எங்களுக்கு முட்டை. டாசோவுக்குக் காளை. பாதிரியாரிடம் கேட்கவில்லை.

மார்ச் 9

கடிக்கவில்லை.

மார்ச் 10

நேற்று முழுவதும் கடிக்கவில்லை. குச்சி அப்படியே கிடக்கிறது. இருமல், காய்ச்சல். விலாவில் மூச்சு தெரிகிறது. யூரிஸ் கூண்டு முன்னால் தரையில் உட்கார்ந்து, “கடிடா, டேய், கொஞ்சமா கடிடா” என்று கெஞ்சினார். எனக்குப் பேசாதே என்று பாடம் நடத்தியவர்.

டாக்டரம்மா, நுரையீரலில் ஒரு இடத்தில் அடைத்திருக்கிறது என்றார். பிராணவாயுவில் வைத்திருக்கிறார்கள். விட்டுவிட்டு வந்தோம். அன்னைக்குப் பாட்டு கேட்டதாலயா? நான் உள்ள போனதாலயா? கேட்டேன். “யாராலயும் இல்ல ஓடில். புழு சாகும்போது இப்படி ஆகலாம்” என்றார். நம்பணுமா?

காலிக் கூண்டு. போர்வையை எடுக்கவில்லை.

மார்ச் 12

வீட்டுக்குக் கொண்டுவந்தோம். குச்சியை நக்கினான், விட்டுவிட்டான்.

மார்ச் 15, சனி

கரக், கரக் என்று சத்தம். யூரிஸ் டிவியை நிறுத்தினார். ரெண்டு பேரும் உட்கார்ந்து கேட்டோம். மூஞ்சி நீளத்துக்கு வந்ததும் பிடுங்கினேன். உறுமினான் என்னிடம். நல்ல உறுமல்.

ஏப்ரல் 24

கயிற்றில் கட்டி வேலி வரை நடக்கலாம் என்றார்கள். நடந்தோம். எனக்குத்தான் மூச்சு வாங்கியது.

மே 17, சனி

ஓடலாம் என்று டாக்டரம்மா சொல்லி மூன்று நாள் மழை. இன்று வெயில். தண்ணீர் கட்டி கிராஃபிஷ் என்கிற நன்னீர் இறால் வளர்க்கிற வயல் வரப்பில் யூரிஸ் கயிற்றை அவிழ்த்தார். டாசோ வரப்பின் கடைசி வரை போனான், ஒரு கொக்கை எழுப்பினான், திரும்பினான். நான் நடுவில் நின்றிருந்தேன். அவன் நிற்கவில்லை; மோதிய வேகத்தில் நான் வயலுக்குள் உட்கார்ந்துவிட்டேன். இடுப்பளவு தண்ணீர், அடியில் சேறு. யூரிஸ் வரப்பில் நின்றபடி, பக்கத்தில் இருக்கிற பொறியில் எத்தனை கிராஃபிஷ் விழுந்திருக்கிறது என்று கேட்டார். பார்த்துச் சொன்னேன். இடது செருப்பு இன்னும் அங்கேதான் இருக்கிறது.