நாவற்குழியில் விட்டுவந்த கார்

அத்தான்,

இன்று காலை பக்கத்துத் தோட்டத்தில் வெங்காயத்துக்குத் தண்ணீர் இறைத்தார்கள். அவர்களுடைய பம்ப் பழையது, மண்ணெண்ணெயில் ஓடுவது. தொடக்கத்தில் கொஞ்சம் பெற்றோல் விட்டு இழுத்தார்கள். அது இருமிச் செருமி ஒருவாறு பிடித்துக்கொண்டது. வெள்ளைப் புகை வேலிக்கு மேலால் எங்கள் முற்றத்துக்கு வந்தது. கொடியில் உடுப்புப் போட்டுக்கொண்டிருந்த நான், ஈரச் சேலையைக் கையில் பிடித்தபடியே நின்றுவிட்டேன். அது உங்களுடைய மணம். கடைசி ஐந்து வருடமும் உங்கள் சட்டையிலும் தலைமயிரிலும், நீங்கள் தேத்தண்ணீர் குடித்து வைத்த கோப்பையிலும்கூட இருந்த மணம்.

உங்களுக்கு எழுதவேண்டும் என்று பல முறை கொப்பியை எடுத்து, எடுத்தபடியே வைத்திருக்கிறேன். இன்று எழுதாவிட்டால் இனி எழுதமாட்டேன் என்று தோன்றியது.

நீங்கள் அக்காவைக் கலியாணம் கட்டிய காலத்தில், கொழும்பில் அமெரிக்கக் கார் விற்கும் ஒரு நிறுவனத்தில் மெக்கானிக்காக இருந்தீர்கள். மாதத்துக்கு ஒருமுறை ரயிலில் ஊருக்கு வருவீர்கள். பிறகு அமெரிக்காவில் அந்தக் கம்பனி கார் செய்வதையே நிறுத்திவிட்டது. கொழும்பு முதலாளி யப்பான் கார்களுக்கு மாறினார். பின்கொட்டகையில் கிடந்த பழைய கார் ஒன்றை, "இதை இனி உன்னைத் தவிர ஒருத்தனும் திருத்தமாட்டான்" என்று உங்களிடமே விட்டார். கம்பனியின் பெயரை நீங்கள் வாய் நிறையச் சொல்வீர்கள். எங்கள் ஊரில் அது ஒருவர் வாயிலும் நுழையவில்லை. முன்பக்கம் நடுவில் உருண்டு நீண்டிருந்ததால் எல்லோரும் அதை 'மூக்குக் கார்' என்றார்கள். அக்காவும் அப்படித்தான் சொன்னா. உங்களுக்குக் கோபம் வரும்.

எண்பத்து மூன்றாம் ஆண்டு சித்திரை வருடப்பிறப்புக்கு அந்தக் காரில் வந்தீர்கள். வழியில் ரேடியேட்டர் ஒழுகத் தொடங்கியிருந்தது. "அடுத்தமுறை சாமானோடை வந்து திருத்திறன்" என்று அதை மாமரத்தின் கீழே விட்டுவிட்டு ரயிலில் திரும்பினீர்கள். ஆடிக் கலவரத்தில் கொழும்பு எரிந்தது. நீங்கள் இருந்த அறை எரிந்தது. வேலை செய்த கராஜ் எரிந்தது. ஒவ்வொன்றாகச் சேர்த்த ஸ்பானர்கள் ஒன்றும் மிஞ்சவில்லை. அகதிகளை ஏற்றி வந்த கப்பலில் காங்கேசன்துறையில் இறங்கி, யாரோ கொடுத்த சாரத்தோடு படலையைத் திறந்துகொண்டு வந்தீர்கள். அக்கா ஓடிப்போய் உங்களைப் பிடித்துக்கொண்டு அழுதா. நீங்கள் அழவில்லை. கிணற்றடியில் முழுகிவிட்டு, தலை காயமுன் மாமரத்தடிக்குப் போய்க் காரின் மூடியைத் திறந்து பார்த்தீர்கள்.

"ஒழுகினபடியாலைதான் இது மிஞ்சினது," என்றீர்கள். அதற்குப் பிறகுதான் அழுதீர்கள். நான் குசினிக்குள் நின்று யன்னலால் பார்த்தேன். இதை நான் உங்களிடம் சொன்னதில்லை.

அன்றிலிருந்து அந்தக் கார் ஹயருக்கு ஓடியது. கலியாண வீடு, செத்தவீடு, கோயில், ஆஸ்பத்திரி. உடுவில் பக்கத்தில் நான் படிப்பித்த பள்ளிக்கூடத்துக்கு மழை நாட்களில் என்னையும் ஏற்றிப் போவீர்கள். நான் கலியாணம் கட்டாமல் உங்கள் வீட்டிலேயே இருந்தவள். அதை ஒரு குறையாக நீங்கள் ஒருநாளும் காட்டியதில்லை.

நாங்கள் மூவரும் தொண்டைமானாற்றுக்குப் போன அந்த வெள்ளிக்கிழமை நினைவிருக்கிறதா? அக்காவுக்குச் சீனி வருத்தம் என்று அறிந்த வருடம். காலில் வந்த புண் ஆறினால் சந்நிதிக் கோயிலுக்கு வருவதாக நேர்ந்திருந்தா, ஆறியது, போனோம். கும்பிட்டுவிட்டு வந்து ஆற்றங்கரையில் காரை நிறுத்தி, கட்டிக்கொண்டு போன இடியப்பத்தைச் சாப்பிட்டோம். நாலைந்து வள்ளங்கள் கரையில் கிடந்தன. நான் கேட்டேன்: "இவ்வளவு நல்ல கார் செய்த கம்பனி ஏன் அத்தான் பூட்டினது?"

நீங்கள் கையைக் கழுவிவிட்டு வந்து, பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்புவிப்பதுபோல நிமிர்ந்து இருந்து சொன்னீர்கள். "அது ஒரு கொல்லன்ரை பிள்ளையள் தொடங்கினது, பிள்ளை. அண்ணன் தம்பிமார். முதல் வண்டில்தான் செய்தவை. அங்கை உள்நாட்டுச் சண்டை வந்திது, பட்டாளத்துக்கு வண்டில் செய்து குடுத்துப் பெரிசா வந்திட்டினம். பிறகு கார். உலகச் சண்டை வர லொறி. சண்டை முடிய, மற்றவையள் பழசையே வித்துக்கொண்டு நிக்க, இவை புதுசாக் கார் விட்டினம். இந்த மூக்கு அப்ப வந்ததுதான். சனம் வரிசையிலை நிண்டு வாங்கினது."

"பேந்து?"

"பேந்தென்ன? பெரிய கம்பனியள் ரெண்டு ஒண்டோடை ஒண்டு போட்டி போட்டு விலையைக் குறைச்சுது. அவையின்ரை சண்டையிலை இடையிலை நிண்டது நசிஞ்சு போச்சு. இன்னொரு கம்பனியோடை சேந்து பாத்தவை. சரிவரேல்லை. சொந்த ஊரிலை இருந்த தொழிற்சாலையைப் பூட்டினவை, ஊரே வேலையில்லாமல் நிண்டதாம். எங்கடை முதலாளிக்குக் கடிதம் வந்த அண்டைக்கு நானும் கந்தோரிலை நிண்டனான். அவர் வாசிச்சுப்போட்டு எழும்பி வெளியாலை வந்தார். விறாந்தையிலை கொழுவியிருந்த கம்பனிப் பேர்ப்பலகையைத் தானே ஏணி வைச்சு ஏறிக் கழட்டினார்."

அக்கா சிரித்தா. "தாய் தேப்பன் செத்த கதையைக்கூட இப்பிடிச் சொல்லமாட்டார்." நீங்களும் சிரித்துவிட்டீர்கள். அன்றைக்கு அக்கா முன் ஆசனத்தில் இருந்து, காற்றில் மயிர் கலைவதைப் பற்றிக் கவலைப்படாமல் வந்தா. எங்கள் மூவருக்கும் அப்படி ஒரு நாள் பிறகு வாய்க்கவில்லை.

தொண்ணூறில் மறுபடி சண்டை தொடங்கியது. இராணுவம் இருந்த கோட்டைப் பக்கம் இரவு பகலாக அதிர்ந்தது. பெற்றோல் வருவது நின்றுபோனது. எல்லோரையும்போல நீங்களும் காரை மண்ணெண்ணெய்க்கு மாற்றினீர்கள். சிறிய மருந்துப் போத்தல் ஒன்றில் பெற்றோலை வைத்து, தொடங்கும்போது மட்டும் கார்பரேட்டருக்குள் சில துளி விடுவீர்கள். பிள்ளைப்பேற்றுக்கு, பாம்பு கடிக்கு, ஷெல் விழுந்த வீட்டுக்கு என்று யார் வந்து கூப்பிட்டாலும் போனீர்கள். புகையில் உங்கள் நெஞ்சு கெட்டது. இருமல் நிற்கவேயில்லை.

அந்த நாட்களில்தான் இயக்கப் பெடியள் இருவர் வாகனம் எடுக்க வந்தார்கள். அக்கா வாசலில் கையைப் பிசைந்துகொண்டு நின்றா. அவர்களில் ஒருவனுக்கு மெக்கானிக் வேலை தெரிந்திருந்தது. மூடியைத் திறந்து அங்கும் இங்கும் பார்த்தான்.

"ஐயா, உதுக்குச் சாமான் எங்கை எடுக்கிறியள்?"

"எங்கையும் எடுக்கேலாது தம்பி. பிறேக்குக்கு லொறி றப்பர் வெட்டிப் போட்டிருக்கிறன். ரேடியேட்டர் ஈயம் ஒட்டினது. உது போனா உங்களாலை திருத்தேலாது."

"அமெரிக்காவிலை இருந்து எடுப்பிக்கேலாதோ?"

"அமெரிக்காவிலை அந்தக் கம்பனியே இல்லை."

அவன் மற்றவனைப் பார்த்தான். "விடு மச்சான், நடுறோட்டிலை நிண்டிடும்," என்றான். அவர்கள் போனபிறகு நீங்கள் காரின் மட்கார்டில் ஒரு கையை வைத்துக்கொண்டு நின்றீர்கள். "கம்பனி இருந்திருந்தா இண்டைக்குக் கார் போயிருக்கும்," என்று அக்காவுக்குச் சொன்னீர்கள். அதில் மகிழ்ச்சியா துக்கமா என்று எனக்குப் பிரித்தறிய முடியவில்லை.

இனி எழுதவேண்டியதைத்தான் நான் இவ்வளவு காலமும் எழுதாமல் தள்ளி வைத்தேன்.

தொண்ணூற்றைந்து ஐப்பசி முடிகிற நாட்கள். இராணுவம் நெருங்கிவிட்டது, வலிகாமத்தை விட்டு எல்லோரும் பாலம் தாண்டித் தென்மராட்சிக்குப் போகவேண்டும் என்று இயக்கத்தார் ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டு போனார்கள். நாங்கள் வெளிக்கிட்டது அடுத்தநாள் விடிந்த பிறகு. அக்காவின் காலில் மறுபடி புண், ஊன்றவே முடியாது. அவவை முன்னுக்கு இருத்தினீர்கள். பின்னால் பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற தபாலதிபரையும் மனைவியையும் ஏற்றினீர்கள். அவர் பாரிசவாதம் வந்து படுக்கையில் கிடந்தவர். வழியில் பச்சைக் குழந்தையோடு நடந்த ஒருத்தியையும் ஏற்றினீர்கள். எனக்கு இடமில்லை. உடுப்பு மூட்டையைக் கட்டிய சைக்கிளைத் தள்ளிக்கொண்டு காரின் பக்கத்தில் நடந்தேன்.

மழை விடவில்லை. அந்த ஒற்றை வீதியில் குடாநாட்டின் பாதிச் சனம் நின்றது. நடந்தோம் என்று சொல்லமுடியாது, இழுபட்டோம். கார் ஓர் அடி போகும், நிற்கும். மண்ணெண்ணெயில் ஓடுகிற இயந்திரத்துக்கு அப்படி ஊர்ந்து போவது ஆகாது. மூடியின் இடுக்கால் ஆவி வந்தது. ஒவ்வொரு முறை அது அணையும்போதும் நீங்கள் இறங்கி, மருந்துப் போத்தலை எடுத்து, குனிந்து, இருமி, மறுபடி ஏறுவீர்கள். நாவற்குழிப் பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால், இரு பக்கமும் தண்ணீர் நிற்கும் இடத்தில் அது நின்றது. போத்தலைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தீர்கள். ஒன்றும் விழவில்லை.

பின்னால் சத்தம் எழுந்தது. "காரைத் தள்ளுங்கோ!" "சின்னப் பிள்ளையள் நசியுது, ஐயா!" ஒரு கிழவர் தடியால் காரின் முதுகில் அடித்தார். நீங்கள் உள்ளே ஏறி, இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நேரே பார்த்தபடி இருந்தீர்கள். அக்கா அழுதுகொண்டிருந்தா. நான் யன்னலடியில் குனிந்தேன்.

"அத்தான், இறங்குங்கோ. இது இனி ஓடாது. விட்டிட்டு வாங்கோ."

நீங்கள் திரும்பி என்னைப் பார்த்தீர்கள். "நீயும் சொல்லுறியோ, பிள்ளை?"

"ஓம், நான்தான் சொல்லுறன். இறங்குங்கோ."

அவ்வளவுதான். எல்லோரையும் இறக்கினோம். தபாலதிபரை அவ்வழியால் வந்த உழவு இயந்திரம் ஒன்றின் பெட்டியில் ஏற்றினார்கள். அவருடைய மனைவியும் குழந்தைக்காரியும் அதிலேயே ஏறிக்கொண்டார்கள். நான் மூட்டையை அவிழ்த்துத் தண்ணீருக்குள் எறிந்துவிட்டு, சைக்கிளின் பின்னால் அக்காவை இருத்தினேன். பத்துப் பன்னிரண்டு பேர் தோள் கொடுத்துக் காரைத் தள்ள, நீங்கள் வெளியே நின்று யன்னலுக்குள்ளால் ஸ்டியரிங்கைத் திருப்பினீர்கள். அது வீதியை விட்டிறங்கி, மூக்குச் சேற்றில் புதைய நின்றது. சனம் உடனே அந்த இடைவெளியை நிரப்பி நடந்தது. ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவர்களையும் குறை சொல்லமுடியாது.

நீங்கள் மட்டும் முழங்கால் சேற்றில் இறங்கிப் போனீர்கள். நான்கு யன்னல் கண்ணாடியையும் உயர்த்தினீர்கள், மழை உள்ளே போகாதபடி. நான்கு கதவையும் ஒவ்வொன்றாகச் சாத்தினீர்கள். பிறகு வந்து சைக்கிளின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு என்னோடு நடந்தீர்கள். மீசாலை போய்ச் சேரும்வரை அந்தப் பிடியை விடவில்லை.

அங்கே ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் ஆறு குடும்பத்தோடு இருந்தோம். ஈரத்தில் உங்கள் நெஞ்சு மோசமாகியது. நான் மருந்துக்கு வரிசையில் நிற்பேன், கஞ்சிக்கு வரிசையில் நிற்பேன், திரும்பி வந்து உங்கள் பக்கத்தில் இருக்கப் பயந்து வேறு வேலை தேடிப் போவேன். உங்கள் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவில்லை. மார்கழியில் ஒரு மத்தியானம், கிணற்றடியில் உங்கள் சாரத்தைத் தோய்த்துக்கொண்டிருந்தபோது, அக்கா கத்தியது கேட்டது. நான் ஓடி வந்தபோது நீங்கள் இல்லை.

அடுத்த சித்திரையில் ஊருக்குத் திரும்பினோம். பாலத்தைக் கடக்கையில் நான் மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தேன். "அங்கை ஒண்டுமில்லை," என்று அக்கா தானாகச் சொன்னா.

அக்கா உங்களுக்குப் பிறகு பதினொரு வருடம் இருந்தா. கடைசி மாதத்தில் ஒருநாள், காலுக்கு மருந்து கட்டிக்கொண்டிருந்தேன். அவ கூரையைப் பார்த்தபடி சொன்னா:

"அவர் மீசாலையிலை கிடக்கேக்கை காரைப் பற்றிக் கதைக்கேல்லையடி. உன்னைப் பற்றித்தான் கதைச்சவர்."

"என்னண்டு?"

"'அவள் சொன்னபடியாலைதான் எனக்கு இறங்கக் கால் வந்தது. இல்லாட்டி நான் அதுக்குள்ளையே இருந்திருப்பன், சனம் நசிஞ்சு செத்திருக்கும். ஆனா அவள் இதை மனசிலை வைச்சுக்கொண்டு திரியப்போறாள். நீ ஒருநாள் சொல்லிவிடு' எண்டவர்."

"இவ்வளவு நாளும் ஏனக்கா சொல்லேல்லை?"

"உனக்கு முன்னாலை கார் எண்டு வாய் திறக்கலாமே? எழும்பிப் போயிடுவாய்."

அவ சொன்னது சரி. அன்றைக்கும் நான் மருந்துத் துணியைக் கட்டி முடித்துவிட்டு எழும்பித்தான் போனேன். கிணற்றடியில் போய் நின்று அழுதேன்.

நீங்கள் நினைத்தபடிதான் நடந்தது, அத்தான். வைத்துக்கொண்டுதான் திரிகிறேன். நான் சொன்னது சரியென்று நீங்களே சொல்லி அனுப்பிய பிறகும், "நீயும் சொல்லுறியோ, பிள்ளை?" என்று கேட்ட அந்த முகம் போகவில்லை. அக்காவும் போய்விட்டா. அந்த முகத்தைத் தெரிந்தவள் இப்போது நான் ஒருத்திதான். அதனால் அது போகவேண்டும் என்று இப்போதெல்லாம் நான் கேட்பதில்லை.